வரைபடத்தில் இல்லாத ஏற்றம்

பேய், பிசாசு, காத்து, கருப்பு என்று யாராவது பேச ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். புனேயில், வாகடில் இந்த ஃப்ளாட்டுக்குக் குடி வந்தபோது வாசலில் பூசணிக்காய் உடைக்கிற வேலையை என்னிடம் கொடுக்கவே கூடாது என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள், நடுவில் சிரித்துத் தொலைப்பேனாம். அப்படிப்பட்டவள் இதைச் சொல்ல உட்கார்ந்திருக்கிறேன் என்றால் எனக்கே கூச்சமாகத்தான் இருக்கிறது. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம், ஆனால் பாதியில் 'தூக்கக் கலக்கமாக இருந்திருக்கும்' என்று மட்டும் சொல்லாதீர்கள். நடுராத்திரி, சுடுகாடு, ஒற்றைப் பனைமரம் எதுவும் இதில் கிடையாது. பொழுது விடிந்து, பால் பாக்கெட் வந்து, பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் அடித்து ஓய்ந்த பிறகு நடந்தது.

நாங்கள் ஆரணிப் பக்கம். அப்பா இங்கே ராணுவத் தொழிற்சாலை ஒன்றில் வேலைக்கு வந்தவர், அதனால் நானும் தம்பி பிரபுவும் பிறந்து வளர்ந்ததெல்லாம் இங்கே பக்கத்துத் தாபோடியில். அப்பா போன பிறகு அம்மா என்னோடு இருக்கிறாள். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அது வேறு கதை, அதில் அமானுஷ்யம் எதுவும் இல்லை.

எனக்கும் பிரபுவுக்கும் வேலை ஒரே கம்பெனியில். சின்னக் கம்பெனிதான், விமானத்துக்கு வழி சொல்கிற பெட்டி ஒன்றைச் செய்கிறோம். விமானம் தான் எங்கே இருக்கிறது என்பதைப் பொதுவாகச் செயற்கைக்கோளைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும். அந்த சிக்னல் கிடைக்காமல் போனால் தரையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். விமானத்தின் வயிற்றில் இருக்கிற ரேடார் கீழே தரை எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று அளந்துகொண்டே போகும். மேடு, பள்ளம், மறுபடி மேடு என்று வருகிற அந்த ஏற்ற இறக்கத்தை எங்கள் பெட்டி தன்னிடம் இருக்கிற வரைபடத்தோடு பொருத்திப் பார்த்து 'இந்த இடம்' என்று சொல்லும். கரண்ட் போன நேரத்தில் மாடிப்படியைக் காலால் தடவித் தடவி நம் வீட்டுக்கு வந்து சேருவதில்லையா, கிட்டத்தட்ட அதே சங்கதி. சங்கடம் என்னவென்றால் அபார்ட்மென்டில் எல்லா மாடியும் ஒரே மாதிரி. ஒருநாள் இருட்டில் நானே நம் வீடு என்று நினைத்து மேல் வீட்டுக் கதவில் சாவியைப் போட்டுத் திருகியிருக்கிறேன், உள்ளே நாய் குரைத்த குரைப்பில் செருப்பை விட்டுவிட்டு ஓடி வந்தேன். வீட்டுக் கதவு என்றால் ஓடி வந்துவிடலாம். மலைகளுக்கு நடுவே பறக்கிற விமானம் தப்பான கதவைத் தட்டினால் ஓட இடம் கிடையாது.

அதனால் என் வேலை அந்தப் பெட்டிக்குச் சந்தேகப்படக் கற்றுக்கொடுப்பது. நிச்சயமாகத் தெரியாத இடத்தில் அது மழுப்பாமல் 'தெரியவில்லை' என்று சொல்ல வேண்டும், சொன்னால் பைலட் வேறு யோசனை செய்யாமல் மேலே ஏறிவிட வேண்டும், அதுதான் விதி. 'பெத்த தாய் சொன்னாக்கூட நம்பமாட்டா இவ' என்று அம்மா என்னை ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். அந்தக் குணத்துக்கு ஒருவர் மாதச் சம்பளம் தருகிறார் என்றால் விடுவேனா?

எங்களிடம் ஒரு பழக்கம் உண்டு. பெட்டி எந்த இடத்தில் குழம்புகிறதோ அங்கே யாராவது ஒருவர் நேரில் போய்க் காலால் நடந்து பார்த்துவிட்டு வர வேண்டும். வரைபடத்தில் வெறும் வயலாக இருக்கும், போனால் ஆளை மறைக்கிற உயரத்தில் கரும்பு நிற்கும். குன்று இருக்க வேண்டிய இடத்தில் கல் குவாரிப் பள்ளம் இருக்கும். ஆஷாட மாதத்தில் பண்டரிபுரத்துக்குத் தாளம் தட்டிப் பாடிக்கொண்டு கூட்டம் கூட்டமாக நடந்து போவார்களே, அதற்கு இங்கே வாரி என்று பெயர், எங்கள் ஆபீஸ் நடைக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. 'இந்த வாரம் வாரி யாரு?' என்றுதான் கேட்போம். அதோடு சும்மா காலை நடைக்குப் போனால்கூட ஒரு சின்னக் கருவியைப் பையில் போட்டுக்கொண்டு போவோம். அது எவ்வளவு தூரம் நடந்தோம், எவ்வளவு ஏறினோம், இறங்கினோம் என்பதை மட்டும் பதிவு செய்யும். எந்த ஊர், எந்தத் தெரு என்று அதற்குத் தெரியாது. ஆபீஸ் வந்ததும் அந்தப் பதிவைப் பெட்டிக்குள் போட்டு, 'நான் எங்கே போயிருந்தேன், சொல்லு பார்ப்போம்' என்று கேட்பது எங்களுக்கு ஒரு விளையாட்டு.

நான் தினமும் ஏறுவது எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற சின்ன டேக்டி. டேக்டி என்றால் குன்று, புனேக்காரர்களுக்குக் காலையில் ஒரு டேக்டி ஏறி இறங்காவிட்டால் டீ உள்ளே போகாது. என் டேக்டியை அந்தப் பெட்டி ஒருநாளும் தவறவிட்டதில்லை. போட்ட மாத்திரத்தில் பெயர் சொல்லிவிடும்.

இப்போது அந்த இரண்டு பள்ளத்தாக்குகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். மேற்கே மலைத்தொடரில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. நுழைகிற இடத்தில் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள், அதே ஓடை, அதே சரிவு. முதலாவது கடைசியில் கொங்கண் கடற்கரைப் பக்கம் அகலமாகத் திறந்துகொள்ளும், அதில் தாராளமாகத் தாழ்ந்து பறந்து வெளியே வந்துவிடலாம். இரண்டாவது அப்படி இல்லை, கடைசியில் நெட்டுக்குத்தாக ஒரு மலைச் சுவர் வந்து மூடிவிடும். அங்கே யாரும் வாரி போனதில்லை, மழைக்காலத்தில் பாதையே கிடையாது என்று சொன்னார்கள்.

பெட்டி அந்த நுழைகிற இடத்தில் எப்போதும் 'தெரியவில்லை' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது. எங்கள் மேலதிகாரி ஜோஷி சாருக்கு அது பிடிக்கவில்லை. "கேட்கும்போதெல்லாம் தெரியாது தெரியாது என்று சொல்கிற பெட்டியை எவன் வாங்குவான்?" என்று இந்தியில் குதித்தார். அவரைத் தப்பு சொல்ல முடியாது, அதீதமாகச் சந்தேகப்படுகிற பெட்டியும் உபயோகமில்லாத பெட்டிதான். எல்லோருமாகப் பேசித்தான் சந்தேகத்தின் அளவைக் கொஞ்சம் தளர்த்தினோம். தளர்த்தியதும் அது அந்த இடத்தை 'முதல் பள்ளத்தாக்கு' என்று தைரியமாகச் சொல்ல ஆரம்பித்தது. சோதனைப் பறப்பு வெள்ளிக்கிழமை என்று முடிவானது. பைலட் முன்னால், மடிக்கணினியோடு பின் ஸீட்டில் என் தம்பி.

அம்மாவுக்கு இது தெரியாது. பிள்ளை ஏசி ரூமில் உட்கார்ந்து கம்ப்யூட்டர் தட்டுகிறான் என்று அவளுக்கு நினைப்பு. வெள்ளி கழித்து வருகிற ஞாயிற்றுக்கிழமை பிரபு மனைவிக்கு வளைகாப்பு, வீடு முழுக்கக் கண்ணாடி வளையலாகக் கிடந்தது, அம்மா அளவு பார்த்துப் பார்த்துப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு உலகத்தில் இருப்பது ஒரே ஒரு தம்பி. அவன் நான் எழுதியதை நம்பி மேலே போகிறான் என்ற நினைப்பு என்னை விடவே இல்லை, வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

வியாழக்கிழமை காலை வழக்கம்போல டேக்டிக்குக் கிளம்பினேன். மூன்று நாளாக விடாத தூறல். மஞ்சள் ரெயின்கோட்டை மாட்டிக்கொண்டு, கருவியை ஓடவிட்டுப் பையில் போட்டுக்கொண்டு நடந்தேன். அடிவாரத்திலேயே மேகம் இறங்கி நின்றது, நாலடி தள்ளி இருக்கிற மரம்கூடத் தெரியவில்லை. எனக்கு என்ன, கண்ணைக் கட்டிவிட்டாலும் ஏறுகிற பாதைதானே என்று ஏறினேன்.

ஏறினேன், ஏறினேன், ஏறிக்கொண்டே இருந்தேன். உச்சியில் சிமென்ட் பெஞ்ச் ஒன்று வர வேண்டும், வரவில்லை. சரி, மெதுவாக நடக்கிறோம் போல என்று நினைத்தேன். அப்புறம் பாதை கொஞ்சம் இறங்கியது, எங்கள் டேக்டியில் ஏறும் வழியில் இறக்கமே கிடையாது, ஆனால் பாருங்கள், அது எனக்கு உறுத்தவே இல்லை. கனவில் நம் வீட்டுக் கதவைத் திறந்தால் பள்ளிக்கூடம் இருக்கும், நாமும் பேசாமல் போய் பெஞ்சில் உட்காருவோமே, அப்படி ஒரு சமாதானம். இடது பக்கம் எங்கேயோ ரொம்பக் கீழே தண்ணீர் கொட்டுகிற சத்தம். அது ஒரே சீராக, யாரோ தூரத்தில் அரிசி களைகிற மாதிரி கேட்டுக்கொண்டே வந்தது. காலடியில் புல் மெத்தென்று இருந்தது, சின்னச் சின்ன நீலப் பூக்கள், ஒவ்வொன்றின் மேலும் ஒரு துளி. மேகம் என்னைத் தொட்டுக்கொண்டு போனது, முகத்தில் ஈரத் துணியால் ஒற்றியது போல இருந்தது. பயமா என்றால் இல்லவே இல்லை. அவ்வளவு நிம்மதியாக நான் அதற்கு முன்னால் நடந்ததும் இல்லை, பின்னால் நடந்ததும் இல்லை. தம்பியைப் பற்றிய அந்த நினைப்பு எங்கே போனது என்றே தெரியவில்லை.

இன்னும் ஒரு ஏற்றம் வந்தது, அது முடிகிற இடத்தில் ஒரு அம்மா நின்றுகொண்டிருந்தாள். ஒன்பது கஜப் புடவை, காலில் ஸ்போர்ட்ஸ் ஷூ, கையில் விரித்த கறுப்புக் குடை. உடனே உடம்பெல்லாம் சிலிர்த்திருக்கும் என்று நினைப்பீர்கள். அதெல்லாம் இல்லை, புனே டேக்டிகளில் இப்படி ஒரு அம்மா எதிரே வராத காலை உண்டா? நான் வழக்கம்போல 'ராம் ராம்' சொன்னேன். அவளும் சொன்னாள். தாண்டிப் போகப் பார்த்தேன், குடையைக் கொஞ்சம் சாய்த்து வழியை மறித்தாள்.

"இக்டூன் உதார் நாஹீ, பாளா. வரூனச் ரஸ்தா," என்றாள் மராத்தியில்.

இந்தப் பக்கம் இறக்கம் இல்லை குழந்தை, மேலாகத்தான் வழி என்று அர்த்தம். அதட்டலே இல்லை, சாப்பாடு ஆறுகிறது வா என்று கூப்பிடுகிற குரல். நான் அவள் காலுக்கு அப்பால் எட்டிப் பார்த்தேன். புல் முடிந்து வெறும் வெள்ளை. தரை என்று ஒன்று இல்லை.

அவள் அங்கேயே நின்றாள், நான் திரும்பினேன். எங்கள் இருவர் மேலும் மழை தூறிக்கொண்டிருந்தது, என் ரெயின்கோட்டில் சடசடவென்று சத்தம், அவள் குடையில் மட்டும் ஒரு சொட்டுச் சத்தம் இல்லை. இது எனக்கு உறைத்தது சாயங்காலம்தான்.

எப்படி இறங்கினேன் என்று கேட்காதீர்கள், ஞாபகம் இல்லை. அபார்ட்மென்ட் கேட்டில் வாட்ச்மேன் சலாம் போட்டது ஞாபகம் இருக்கிறது, வீட்டு வாசலில் எப்போதும் போலக் கருவியை நிறுத்தியதும் ஞாபகம் இருக்கிறது. உள்ளே நுழைந்ததும் அம்மா என் ஷூவைப் பார்த்துக் கத்தினாள்.

"இன்னாடி இது, எங்க போய் இந்த செம்மண்ண மிதிச்சிட்டு வந்த? இப்பத்தான் தொடச்சி உட்டேன்!"

எங்கள் டேக்டியில் மண் கறுப்பு. என் ஷூவில் ஆரணிச் செங்கல் சூளை மண் மாதிரி சிவப்பு அப்பியிருந்தது. எங்கேயாவது லாரியில் கொட்டி வைத்திருப்பார்கள், மிதித்திருப்பேன் என்று சொல்லிக் கழுவிவிட்டு ஆபீஸ் போனேன்.

ஆபீசில் விளையாட்டாகத்தான் அந்த நடையைப் பெட்டிக்குள் போட்டேன். அது என் டேக்டியைச் சொல்லவில்லை. இரண்டாவது பள்ளத்தாக்கு என்றது. அதன் கடைசியில், அந்த மலைச் சுவரின் உச்சி விளிம்பு என்றது. வீட்டிலிருந்து காரில் போனாலே அரை நாள் பிடிக்கிற இடம். அதைவிட, இந்த இடம்தான் என்று அது காட்டிய உறுதி இருக்கிறதே, அத்தனை வருஷத்தில் எந்த இடத்தைப் பற்றியும் அது அப்படிச் சொன்னதில்லை. கருவி கெட்டுவிட்டதோ என்று அதோடு வேறு கருவியையும் எடுத்துக்கொண்டு மத்தியானம் ஆபீஸ் மாடிப்படியை ஏறி இறங்கி அளந்தேன். பழைய கருவி, புதுக் கருவி இரண்டும் ஒரே அளவு காட்டின.

பிரபுவைத் தனியாகக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவன் முதலில் நான் கேலி செய்கிறேன் என்று நினைத்தான்.

"அரே அக்கா, நீயா இப்டி பேசற? அம்மா கேட்டா உனக்கு வேப்பலை அடிப்பாங்க."

"சிரிக்காதடா. நாளைக்கு நீ போவாத."

"காரணம் இன்னான்னு ஜோஷி சார்கிட்ட சொல்றது? அக்கா கனா கண்டுச்சின்னா? டென்ஷன் மத் லே. உன் பொட்டி மேல எனக்கு நம்பிக்க இருக்கு."

"எனக்கு இல்லியே," என்றேன். அவன் சிரிப்பதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தான்.

ஜோஷி சாரிடம் மலை ஏறியதையெல்லாம் சொல்லவில்லை. அந்த ஒரு இடத்தில் மட்டும் பழைய சந்தேகத்தைத் திருப்பி வைக்க வேண்டும், இரட்டைப் பள்ளத்தாக்கில் தைரியம் ஆகாது என்று வேலைக் கணக்கில் வாதாடினேன். சண்டை என்றே சொல்லலாம். கடைசியில் அவர் தலையில் கை வைத்துக்கொண்டு, "சரி தாயே, அங்கே மட்டும் தெரியாது என்றே சொல்லட்டும், என்னை விடு," என்றார். அன்று சாயங்காலமே மாற்றி, இரண்டு பேர் சரிபார்த்து ஏற்றினோம்.

வெள்ளிக்கிழமை காலை வானம் வெளிறித் திறந்திருந்தது. சோதனைக்காகச் செயற்கைக்கோள் கருவியை அணைத்துவிட்டுப் பறப்பதுதான் வழக்கம், வேண்டுமென்றால் போட்டுக்கொள்ளலாம். மலைப் பக்கம் போனதும் கொங்கணிலிருந்து மேகம் பொங்கி வந்து மூடிவிட்டது. பைலட் செயற்கைக்கோள் கருவியைப் போட்டார், ஆனால் அது விழித்து இடத்தைக் கண்டுபிடிக்கச் சில நிமிஷம் ஆகும். அந்தச் சில நிமிஷம் அவர்களுக்கு இருந்தது எங்கள் பெட்டி ஒன்றுதான். நான் ஆபீசில் ரேடியோ பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், ஜோஷி சார் எனக்கு அடுத்த நாற்காலியில். பிரபு குரல் கேட்டது: "தெரியவில்லை என்கிறது. ஏறுகிறோம்." அதன் பிறகு ஒரே இரைச்சல். நான் சாமி கும்பிடுகிறவள் இல்லை, இருந்தும் என் வாயில் 'வரூனச் ரஸ்தா, வரூனச் ரஸ்தா' என்று ஓடிக்கொண்டிருந்தது. பிறகு மறுபடி அவன் குரல், மேகத்துக்கு மேலே வந்துவிட்டோம், வெயில் அடிக்கிறது என்று.

இறங்கி வந்ததும் அந்தப் பறப்பின் பதிவை, தளர்த்தி வைத்திருந்த அளவில் போட்டுப் பார்த்தோம். காற்று அவர்களை ஓரமாகத் தள்ளியிருக்கிறது. அவர்கள் இருந்தது இரண்டாவது பள்ளத்தாக்கில். தளர்த்திய பெட்டி துளிக்கூடச் சந்தேகமில்லாமல் 'முதல் பள்ளத்தாக்கு' என்றது. ஜோஷி சார் எழுந்து போய் ஜன்னலண்டை ரொம்ப நேரம் நின்றார்.

ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு நன்றாக நடந்தது. பிரபு மனைவிக்குக் கை நிறைய வளையல் அடுக்கியபோது நான் அழுதேன், அம்மா அதை வேறு மாதிரி புரிந்துகொண்டு, என் கல்யாணப் பேச்சை மறுபடி எடுத்தாள். எல்லோரும் சாப்பிட உட்கார்ந்த பிறகு பிரபு என்னைப் பால்கனிக்குக் கூப்பிட்டான்.

"அக்கா, வெள்ளிக்கெழம நீ ஆபீஸ்லதான இருந்த?"

"ஜோஷி சாரக் கேளு, பக்கத்துலதான் இருந்தாரு. ஏன்?"

"மேல ஏறும்போது ஒரே ஒரு தடவ மேகம் கிழிஞ்சிது. அந்த மலை உச்சி தெரிஞ்சிது. ரெண்டு பேர் நின்னுட்டு மேல பாத்தாங்க. ஒருத்தங்க கறுப்புக் கொட. இன்னொருத்தங்க மஞ்ச ரெயின்கோட்டு."

என் ரெயின்கோட் வியாழக்கிழமையிலிருந்து அந்தப் பால்கனிக் கொடியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோதும் எங்கள் தலைக்கு மேலேயே ஆடிக்கொண்டிருந்தது.

மறுநாள் ஆபீஸ் போய் அந்த வியாழக்கிழமை நடையை முதலிலிருந்து கடைசிவரை மறுபடி பார்த்தேன். முதல் தடவை இடத்தின் பெயரைப் பார்த்த அதிர்ச்சியில் இதைக் கவனிக்கவில்லை. கோடு ஏறுகிறது, கொஞ்சம் இறங்குகிறது, மறுபடி ஏறுகிறது, உச்சியில் போய் முடிந்துவிடுகிறது. கருவியை நான் நிறுத்தியது என் வீட்டு வாசலில். ஆனால் திரும்பி இறங்கி வந்த நடை அதில் இல்லவே இல்லை.

பிரபுவுக்குப் பெண் குழந்தை பிறந்தது, இப்போது தத்தக்கா பித்தக்கா என்று நடக்கிறாள். பெட்டியும் நன்றாக வேலை செய்கிறது, சந்தேகப்பட வேண்டிய இடத்தில் சந்தேகப்படுகிறது, நாலு பேர் வாங்கவும் ஆரம்பித்திருக்கிறார்கள். நான் இன்றைக்கும் காலையில் அதே டேக்டி ஏறுகிறேன், சிமென்ட் பெஞ்ச் அதே இடத்தில் இருக்கிறது, மண் கறுப்பாகத்தான் இருக்கிறது. போன மாதம் பிரபு என்னோடு வந்தான். ஆளுக்கொரு கருவி, பக்கத்துப் பக்கத்தில் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கினோம். அன்றைய பதிவு முடிந்ததும் அவன் பாக்கெட்டில் இருந்ததை நான் வாங்கிக்கொண்டேன், என்னுடையதை அவனிடம் கொடுத்தேன், கருவியில் கோளாறு என்று ஒரு பேச்சு வரக் கூடாது பாருங்கள். மறுநாள் அப்படி மாற்றியதை எடுத்துக்கொண்டே ஏறி இறங்கினோம்.

இரண்டு நாளும், அவன் எதை எடுத்துக்கொண்டு நடந்தானோ அதைப் போட்டதும் பெட்டி டேக்டியின் பெயரைச் சொன்னது. நான் எதை எடுத்துக்கொண்டு நடந்தேனோ அதற்கு 'தெரியவில்லை' என்றது. அந்த வியாழக்கிழமைக்குப் பிறகு நான் எங்கே நடந்தாலும் அது அப்படித்தான் சொல்கிறது, ஆபீஸ் மாடிப்படியைக்கூட. நிச்சயமில்லாமல் அது வாய் திறக்காது, அப்படித்தான் நான் அதற்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். நான் எங்கே இருக்கிறேன் என்று அதற்குத் தெரியவில்லை.